உடற்பயிற்சி செய்பவர்களுக்கு மட்டும்

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது, வாய் மட்டும் வற்றவில்லை. உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து வரைகிறவனுக்கு இடுப்பு வலிக்காமல் என்ன செய்யும்? போனில் பேசினால் பாதியில் சண்டை வந்து யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம், இனி எழுதிக்கொள்வோம் என்று நீ சொன்னது நல்ல யோசனைதான். கடிதத்தில் கத்தினால் முழுசாகக் கத்தலாம்.

இன்று கத்த வேண்டியிருக்கிறது. நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்துக்கு ஆபத்து. எங்கள் பள்ளியில் விளையாட இடம் கிடையாது, இருந்த இடத்தில் மூன்று மாடி எழுப்பிவிட்டார்கள். பி.டி. டீச்சர் என்று எனக்கு ஒரு விசிலும் நாற்காலியும் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதனால் என் ஃபுட்பால் பெண்கள் பதினாலு பேரையும் சாயங்காலம் இந்த மைதானத்துக்குத்தான் கூட்டி வருகிறேன். ஜூனில் மாவட்டப் போட்டி. எங்கள் பள்ளி கலந்துகொள்வது இதுதான் முதல் தடவை.

போன வாரம் பந்து ஒருவர் காலில் பட்டுவிட்டது. அவர் ரிடையரான பேங்க் மேனேஜர், நடைப்பயிற்சி நண்பர்கள் சங்கத் தலைவர். ஆட்டம் நடக்கும்போது நடு மைதானத்தில் போன் பேசிக்கொண்டே குறுக்கே போனார். நியாயமாகச் சொன்னால் பந்து அவர்மேல் படவில்லை, அவர்தான் பந்துமேல் பட்டார். மறுநாள் நகராட்சிக்கு மனு. அதற்கு மறுநாள் வாசலில் ஒரு பலகை: "உடற்பயிற்சி செய்பவர்களுக்கு மட்டும். விளையாட அனுமதி இல்லை."

மைதானத்தில், தம்பி! மைதானத்தில் விளையாட அனுமதி இல்லை. இதைப் படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், மதிலோரத்து நிழலில் பெண்களை உட்காரவைத்துத் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு நானும் உட்கார்ந்துவிட்டேன். அங்கே "நலவாழ்வுப் பூங்கா" வரப்போகிறதாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் மனைவியையும் குட்டியையும் கேட்டதாகச் சொல்.

அக்கா

·

ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். இடுப்புக்குப் பெல்ட் கொடுத்திருக்கிறார்கள். குட்டி டென்னிஸ் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். எங்கள் குடியிருப்பிலேயே கோர்ட் இருப்பது வசதி. அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா?

மைதானம் பற்றி எழுதியிருந்தாய். கோபம் நியாயம்தான். ஆனால் எல்லா ஊரிலும் இப்போது இப்படித்தான் நடக்கிறது. வயசானவர்கள் நடக்கவும் ஒரு இடம் வேண்டும் இல்லையா? நடப்பதும் ஒருவகை விளையாட்டுத்தானே. ஆற அமரப் பேசினால் ஏதாவது வழி பிறக்கும். நீ போனவுடன் சண்டை போடாதே.

பழைய கோல் பக்கம் இன்னும் அப்படியேதானே இருக்கிறது? சும்மா கேட்டேன்.

ஆபீஸில் வேலை கழுத்து வரை. நிறைய நகராட்சி வேலைகள் வருகின்றன.

தம்பி

·

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

சுகம். அம்மா மாத்திரை போடுகிறாள், போட்டதை மறந்து மறுபடி போடப் பார்க்கிறாள், நான் பிடுங்கிக்கொள்கிறேன்.

"நடப்பதும் ஒருவகை விளையாட்டுத்தானே." உன் கடிதத்தில் இந்த ஒரு வரியை மட்டும் நாலு நாளாக மென்றுகொண்டிருக்கிறேன், இறங்கவில்லை.

நீ சொன்னபடி ஆற அமரப் பேசத்தான் போனேன். நகராட்சி ஆபீஸில் இன்ஜினியர், சங்கத் தலைவர், நான், என் அணியின் கோல்கீப்பர் பெண். தலைவர் என்ன கேட்டார் தெரியுமா? "எங்களை நடக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருக்கார். உங்க பொண்ணுங்களை விளையாடச் சொல்லி யாரு சொன்னா?" நான் வாயைத் திறப்பதற்குள் கீப்பர் பெண், "யாரும் சொல்லலை சார், ஆசையா இருக்கு" என்றாள். அறையே சிரித்தது. அவள் தையல்கடைக்காரர் மகள், பதினாலு வயசு. அவளுக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. எனக்குப் புரிந்தது, அதனால்தான் ரத்தம் கொதித்தது.

சர்க்கரை குறைய ஓடினால் மரியாதை. தொப்பை கரைய ஓடினால் பூங்கா. ஆசைக்கு ஓடினால், அதுவும் ஒரு பெண் ஓடினால், தொந்தரவு. இன்ஜினியர் தன் பங்குக்கு, "பொண்ணுங்கதானே மேடம், வீட்டு வாசல்ல ஷட்டில் ஆடலாமே" என்றார். அந்தப் பெண்கள் இருக்கும் வீடுகளை அவர் பார்த்ததில்லை. வாசல் திறந்தால் நேராகச் சாக்கடை.

இதே தலைவர் டீக்கடையில் டிவி முன்னால் நின்றுகொண்டு, "இவ்வளவு பெரிய நாடு, ஒரு மெடல் வாங்க ஆள் இல்லையே" என்று உச்சுக்கொட்டுகிறார். காதால் கேட்டேன். மெடல் என்ன டிவிக்குள்ளேயா முளைக்கும்?

உன் குட்டிக்கு விளையாட்டு சீருடையோடும் கோச்சோடும் வருகிறது. சந்தோஷம், அவள் நன்றாக ஆடட்டும். என் பெண்களுக்கு அது புகாரோடு வருகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு உதவி. நீ இந்தப் பிளான் வரைகிற உலகத்திலேயே இருக்கிறாய். இந்தப் பூங்காவை யார் வரைகிறார்கள் என்று விசாரி. நடைபாதையை மதிலோரமாகத் தள்ளி, நடுவில் மட்டும் விட்டுவிட்டால் போதும். வேறு எதுவும் கேட்கவில்லை.

அக்கா

·

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதம், மன்னிக்கவும். குட்டிக்குக் காய்ச்சல், பிறகு எனக்கு. இப்போது நலம். அம்மாவுக்கு என் அன்பு.

பிளான் விஷயமெல்லாம் டெண்டர் சம்பந்தப்பட்டது. வெளியே கேட்கவும் முடியாது, சொல்லவும் முடியாது. நீ மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. நடுவில் புல்தரைதான் வருகிறது. ஓரமாக நின்று சும்மா தட்டி விளையாடினால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்?

உன் பெண்களுக்கு ஒரு நல்ல பந்து பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கிடைத்ததும் எழுது.

தம்பி

·

மார்ச் 22

அன்புத் தம்பிக்கு,

பந்து வந்தது. நல்ல பந்து. உன் காய்ச்சல் விட்டதில் நிம்மதி.

பார்சலைப் பிரித்து மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் பந்தைக் காணோம். "எங்கம்மா பந்து?" என்றேன். அம்மா சாவதானமாக, "அலமாரி மேல வச்சிருக்கேன்" என்றாள். ஸ்டூல் போட்டு ஏறி வைத்திருக்கிறாள், அந்த வீங்கி வற்றின காலோடு!

எனக்குப் பதிமூன்று வயசில் அப்பா அதே அலமாரிமேல்தான் என் பந்தை வைத்தார். "போதும், இனிமே வீட்டுல இரு." காரணம் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரிந்த காரணம்தான். என் பூட்ஸ் உனக்கு வந்தது. இரண்டு சைஸ் பெரிசு, காகிதம் திணித்துப் போட்டுக்கொண்டாய். என்னை எடுத்துவிட்டு என் இடத்தில் உன்னைச் சேர்த்தார்கள். உனக்கு ஓடவும் வரவில்லை, உதைக்கவும் வரவில்லை, அதனால் கோலில் நிறுத்தினார்கள். வலது பக்கம் புத்தகப் பைகள் ஒரு குவியல், இடது பக்கம் வாதாம் மரம், அதுதான் கோல். நீ பந்தைப் பிடித்ததைவிட மரத்தில் சாய்ந்து நின்றதுதான் அதிகம். கால் நடுவில் புகுந்து போகாத பந்தே கிடையாது. "ஓட்டை" என்று பெயர் வைத்தார்கள். நான் மாடி ஜன்னலில் நின்று ஒவ்வொரு கோலுக்கும் பல்லைக் கடித்தேன். எனக்கு அழுகை வந்தது நீ விட்ட கோலுக்கா, நான் அங்கே இல்லையே என்றா, இப்போது யோசித்தாலும் தெரியவில்லை.

அம்மாவைத் திட்டவில்லை. அவளுக்கு அது பழக்கம். ஊருக்கே அது பழக்கம்.

கம்பி வேலிக்கான தூண்களை லாரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். "டீச்சர், நாங்க என்ன தப்பு பண்ணோம்?" என்று ஒருத்தி கேட்டாள். என்ன சொல்ல, நீயே சொல்.

அக்கா

·

ஏப்ரல் 20

தம்பிக்கு,

ஒரு மாசமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அம்மா கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன்.

நேற்று மைதான வாசலில் பூங்காவின் படத்தைப் பெரிதாக அச்சடித்து வைத்தார்கள். நல்ல வண்ணம். பாதையில் ஆட்கள் நடக்கிறார்கள், பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவர் நாயோடு நிற்கிறார். நாய்க்குக்கூட இடம் இருக்கிறது. பந்தோடு ஒரு ஆள் இல்லை.

தெற்கு மூலையில் பச்சையாக ஒரு பெரிய வட்டம். பாதை அதைச் சுற்றி வளைந்து மைதானத்துக்குள் ரொம்ப தூரம் வந்து திரும்புகிறது. பக்கத்தில் எழுதியிருக்கிறது: "வாதாம் மரத்தடி இருக்கை."

மேஸ்திரி கையில் கயிறும் சுண்ணாம்புமாக அங்கே நின்றுகொண்டு தலையைச் சொறிந்தார். "டீச்சர், நீங்க இந்த ஏரியாதானே? இந்த மரம் எங்க இருக்கு?" நான் சிரித்துவிட்டேன். நாலு வருஷத்துக்கு முன்னால் புயலில் விழுந்த மரம். வேரையும் தோண்டி எடுத்து மண் போட்டு மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் ஒரு புல்கூட இல்லை.

சிரித்த பிறகுதான் யோசித்தேன். வெளியாள் வந்து அளந்து வரைந்திருந்தால் மரம் இருக்காது. வராமல் வரைந்த வெளியாளுக்கு அங்கே மரம் இருந்ததே தெரிந்திருக்காது. அங்கே ஒரு மரம் இருந்தது தெரிய வேண்டும், அது விழுந்தது தெரியக் கூடாது. அப்படி ஒருத்தன் யார்? அதில் சாய்ந்து நின்றவன். அப்புறம் திரும்பிப் பார்க்காதவன். வருஷத்துக்கு ஒருமுறை வருகிறாய், இரண்டு நாள் ஹாலில் உட்கார்ந்து போனைப் பார்க்கிறாய், போய்விடுகிறாய். பின்கதவைத் திறந்தது உண்டா?

உன் மார்ச் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். "நடுவில் புல்தரைதான் வருகிறது" என்று எழுதியிருக்கிறாய். அது அப்போது இங்கே ஒருவருக்கும் தெரியாது. ஜனவரியில், பழைய கோல் பக்கம் அப்படியேதானே என்று கேட்டாய். நான் கோபத்தில் பதில் எழுதாமல் விட்டேன். எழுதியிருந்தால் மரத்தை அழித்திருப்பாய், எனக்கு ஒன்றும் தெரிந்தே இருக்காது.

நீயா?

அக்கா

·

மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா நலம்தானே.

ஆமாம், நான்தான். டிசம்பரிலேயே எங்களுக்கு வந்த வேலை அது. உன் முதல் கடிதம் வந்தபோது பாதி முடிந்திருந்தது. சொல்ல நினைத்தேன். ஒவ்வொரு முறையும் வேறு எதையோ எழுதி முடித்துவிட்டேன்.

நம்பு, எங்கள் ஆபீஸ் மேனேஜரிடம் கேட்டேன். "ஒரு மூலையில விளையாட இடம் விடலாமா சார்?" "கிளையன்ட் கேக்காததை வரையாதே" என்றார். நேரில் வந்து அளந்திருக்க வேண்டும், தப்புதான். எனக்குத் தெரியாத இடமா என்று பழைய சர்வே படத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடி வரைந்தேன். எத்தனையோ இடம் வரைந்திருக்கிறேன், அதை மட்டும்தான் பிரியமாக வரைந்தேன். அந்த மரத்துக்காகத்தான் பாதையை வளைத்தேன்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. மரம் விஷயத்தை நகராட்சியில் யாரிடமும் சொல்லிவிடாதே. இடத்தைப் பார்க்காமல் வரைந்தேன் என்று தெரிந்தால் என் வேலைக்கே உலை. மேஸ்திரியிடம் நான் பேசி, அங்கே ஒரு செடி நட்டுச் சமாளித்துக்கொள்கிறேன்.

தம்பி

·

மே 9

தம்பிக்கு,

சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் வந்த மூன்றாம் நாள் கீப்பர் பெண்ணைக் கூட்டிக்கொண்டு நகராட்சிக்குப் போனேன். "இந்தப் படத்தை வரைஞ்சவர் இடத்தைப் பார்க்கவே இல்லை. இல்லாத மரத்துக்குப் பாதை போட்டிருக்கார். அவர் என் கூடப் பிறந்த தம்பி, அதனால எனக்கு நிச்சயமாத் தெரியும்" என்றேன். இன்ஜினியர் முகம் வெளுத்துவிட்டது. பெண்கள்மேல் இரக்கத்தால் இல்லை, கையெழுத்துப் போட்டது அவர். வேலையை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். வரைந்தவர் நேரில் வந்து மறுபடி அளந்து கொடுக்க வேண்டுமாம்.

உன் வேலை போகும் என்று தெரியாமல் செய்யவில்லை. இரண்டு ராத்திரி தூங்காமல்தான் செய்தேன். அப்பா பந்தை மேலே வைத்த அன்று நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "அழாதேக்கா, அம்மாவுக்குக் கேட்கும்." இப்போதும் அதையேதான் சொல்கிறாய். செடி நட்டுச் சமாளிப்பாயாம்! என் வாயில் எத்தனை செடி நடுவாய்?

மரத்தைப் பிரியமாக வரைந்தேன் என்கிறாய். அதைப் படித்தபோதுதான் எனக்குத் தாங்கவே இல்லை. விழுந்துபோன மரத்துக்காகப் பாதையை வளைத்தாய், இடத்தில் நிற்கிற பதினாலு பேருக்காக வளைக்கத் தோன்றவில்லை. மேனேஜரிடம் ஒரு மூலை கேட்டாயாம், எங்களுக்கு ஒரு மூலை! அந்த மைதானம் முழுக்க ஒரு காலத்தில் நான் ஓடியது, தம்பி. உன்னைவிட வேகமாக.

வேலியில்லாத பக்கமாக ஜல்லிக் குவியலுக்கு நடுவே ஆடிக்கொண்டிருக்கிறோம். இரண்டு பேருக்கு முழங்கால் கிழிந்துவிட்டது.

உன் இடுப்பு எப்படி இருக்கிறது? கோபத்தில் இதைக் கேட்க மறந்துவிட்டால் அம்மா என்னை விடமாட்டாள்.

அக்கா

·

மே 25

அக்காவுக்கு,

அம்மாவின் கால் எப்படி இருக்கிறது?

ஆபீஸில் எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்டார்கள். "நீங்க வரைஞ்சது பூங்காவா, படக்கதையா?" வேலை போகவில்லை. வரவேண்டிய பதவி உயர்வு இனி வராது. உனக்குத் திருப்திதானே.

வியாழக்கிழமை அளக்க வருகிறேன். லாட்ஜில் தங்கிக்கொள்கிறேன். வீட்டுக்கு வரவில்லை. நீயும் மைதானத்துக்கு வராதே.

தம்பி

·

ஜூலை 6

அன்புத் தம்பிக்கு,

நானும் அம்மாவும் சுகம். உன் இடுப்பைப் பற்றி இந்தத் தடவை கேட்கப்போவதில்லை. அன்றைக்கு நீ குனிந்து குனிந்து அளந்ததைப் பார்த்தேனே.

வராதே என்றாய், வரவில்லை. மாடி ஜன்னலில் நின்றேன். எனக்குத்தான் அந்த ஜன்னல் பழகியதாயிற்றே. அம்மாவும் மூச்சு வாங்க ஏறி வந்து பக்கத்தில் நின்றாள். நீ டேப்பைப் பிடித்துக்கொண்டு தெற்கு மூலைக்குப் போய், களைப்பில் இடது கையை நீட்டிச் சாயப் பார்த்தாய். அங்கே ஒன்றும் இல்லை. தடுமாறி நின்றாய். அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

அன்று கீப்பர் பெண் வரவில்லை, அவள் அப்பா கடையில் ஆள் இல்லை. மற்ற பெண்களுக்கு நீ யாரென்று தெரியாது. "சார், சும்மாதானே நிக்கிறீங்க, கோல்ல நில்லுங்க" என்று கத்தியது மாடி வரை கேட்டது. டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுவிட்டு நின்றாய். முதல் பந்தே கால் நடுவில் போயிற்று. "இன்னும் ஓட்டைதான்" என்றாள் அம்மா. அப்புறம் இருட்டும் வரை நின்றாய். அளக்கும் வேலை எப்போதோ முடிந்திருந்தது. வீட்டுக்கு வராமலே போனாய். உனக்கும் சேர்த்துத்தான் அன்று சமைத்திருந்தோம்.

போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். எங்களோடு ஆடிய பள்ளிக்குச் சொந்தமாக இரண்டு மைதானம் இருக்கிறது. என் பெண்களுக்குக் கோடு போட்ட மைதானத்தில் காலை வைப்பதே அன்றுதான் முதல் தடவை, எல்லைக் கோட்டைப் பார்த்துப் பயந்து பயந்து ஆடினார்கள். தோல்வியில் வருத்தமில்லை, அந்தப் பயத்தில்தான் எனக்கு ஆத்திரம்.

நேற்று உன் புதுப் படத்தை வாசலில் வைத்தார்கள். பாதை மதிலோரமாக நேராகப் போகிறது. நடுவில் பெரிய செவ்வகம், "விளையாட்டுத் திடல்" என்று கொட்டை எழுத்தில். இரண்டு பக்கமும் கோல். பேங்க் மேனேஜர் அதைப் படித்துவிட்டு, இனி நிம்மதியாக நடக்கவே முடியாது என்று அடுத்த மனுவுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறார். சேர்க்கட்டும்.

உனக்கு நன்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். கிட்டே போய்ப் பார்த்தேன். அப்புறம் அங்கேயே நின்று கத்த ஆரம்பித்துவிட்டேன்.

ஆடுகிற உருவங்கள் அத்தனையும் பையன்கள்! அத்தனையும், தம்பி! அன்று இருட்டும் வரை உன்மேல் பந்தடித்தவர்கள் யார்? ஒரு பையனாவது இருந்தானா? உன் கம்ப்யூட்டரில் ரெடிமேடாக இருக்கும் ஆட்களை அப்படியே எடுத்து ஒட்டியிருப்பாய். அதில் பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கத்தான் வருவார்கள் போலிருக்கிறது.

நான் கத்தி முடிப்பதற்குள் கீப்பர் பெண் பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்துவிட்டாள். நகராட்சிச் சொத்து, தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. ஒவ்வொரு உருவத்துக்கும் சடை போட்டார்கள். ஒற்றைச் சடை, ரெட்டைச் சடை, ஒருத்திக்கு இடுப்பு வரை.

தெற்குப் பக்கத்துக் கோலில் நிற்கிறவனை மட்டும் விடச் சொன்னேன். "ஏன் டீச்சர்?" என்றார்கள்.

"அது என் தம்பி" என்றேன்.

அக்கா